பராம்பா என்றொரு தொகுதி இருந்தது

நம் மாதக் கூடுகையில் வழக்கமாக நாவலோ சிறுகதையோ பேசுபொருளாக இருக்கும். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சட்டமன்றத் தொகுதி. அதுவும் இன்றைய வரைபடத்தில் இல்லாத தொகுதி. தலைப்பைச் சொன்னபோது ஒருங்கிணைப்பாளர் கொஞ்சம் தயங்கினார், அதில் கதை ஏதும் உண்டா என்று கேட்டார். நாவல் எழுதும் அளவுக்கு இருக்கிறது, எழுதத்தான் எனக்குத் தெரியாது என்றேன்.

தொகுதியின் பெயர் பராம்பா. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேனிலிருந்து வடமேற்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கிங்கராய் ஊரைச் சுற்றி அமைந்திருந்தது. 1950 தேர்தலில் பிறந்தது, 2001 தேர்தலோடு மறைந்தது. இடையில் 18 பொதுத்தேர்தல்கள், ஒரு இடைத்தேர்தல். ஆக, அந்த மக்கள் 19 முறை வாக்களித்தார்கள். ஆனால் தேர்ந்தெடுத்தது மொத்தம் மூன்றே பேரை. முதலாமவர் மாநிலத்தை 19 ஆண்டுகள் ஆண்ட முதல்வர். இரண்டாமவர், பெரும்பாலானோர் கேள்விப்பட்டேயிராத ஒரு சிறு அமைப்பின் சார்பில் நின்று ஜெயித்தவர். மூன்றாமவர் பாலின் ஹான்சனின் ஒன் நேஷன் கட்சிக்காரர்.

அந்த மூன்றாவது பெயரால்தான் எனக்கு இந்தத் தொகுதி அறிமுகமானது. 1998 ஜூன் 13, சனிக்கிழமை இரவு. நான் பிரிஸ்பேனுக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. நிரந்தரக் குடியுரிமை இருந்தது, வாக்குரிமை இல்லை. வாடகை வீட்டின் கூடத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் மாநிலத் தேர்தல் முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசியர்களால் இந்த நாடு மூழ்கடிக்கப்படும் ஆபத்து இருப்பதாக 1996 செப்டம்பரில் தன் முதல் நாடாளுமன்ற உரையில் சொன்னவர் ஹான்சன். அவருடைய கட்சி இந்த மாநிலத்தில் ஏறக்குறைய 23 சதவீத வாக்கு வாங்கியது. 89 இடங்களில் 11. பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. உச்சரிக்கத் தெரியாத பெயர் ஒன்று மட்டும் மனதில் நின்றது. பராம்பா. மனைவி சமையலறையிலிருந்து, நாம் திரும்பிப் போக வேண்டியிருக்குமா என்று கேட்டாள். பாதி விளையாட்டாகத்தான் கேட்டாள். மறுபாதிக்கு என்னிடம் பதில் இல்லை.

யார் இந்தப் பராம்பாக்காரர்கள் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னிடம் இருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து நேரில் போய்ப் பார்த்தேன், பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன்.

டாகிலார் நெடுஞ்சாலையில் கில்கோய், பிளாக்பட், நனாங்கோ என்று ஏறிப் போனால் மண் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். செக்கச் செவேலென்ற மண். கிங்கராய் என்ற பெயரே வக்கா வக்கா மக்களின் மொழியில் சிவப்பு எறும்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஊரின் நடுவில், நம் ஊரில் கோபுரம் நிற்கும் இடத்தில், நிலக்கடலை சேமிக்கும் உயரமான குதிர்கள் நிற்கின்றன. ஆம், இது கடலை ஊர். திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து நண்பர்கள் இங்கே வந்தால் மல்லாட்டை என்று சொல்லிக் கண்கலங்கக்கூடும். சாலையோரத்தில் அவித்த கடலை விற்கிறார்கள், உப்புப் போட்டு, நாம் அவிப்பது போலவேதான்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். தொகுதியின் பிறப்பே ஒரு சர்ச்சையில் நடந்தது.

குயின்ஸ்லாந்தைத் தொழிற்கட்சி 1915 முதல் 1957 வரை ஆண்டது. நடுவில் 1929 முதல் 1932 வரையிலான மூன்றாண்டுகள் மட்டும் இடைவெளி. 1922இல் அந்தக் கட்சியே மேலவையை ஒழித்துவிட்டது. ஆகவே சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருந்தால் போதும், எந்தச் சட்டத்தையும் ஒரே அவையில் நிறைவேற்றிவிடலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1949இல் முதல்வர் நெட் ஹன்லன் ஒரு புதிய தொகுதிச் சட்டம் கொண்டுவந்தார். 62 இடங்கள் 75 ஆயின. மாநிலம் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. மாநகர மண்டலத்துக்கு 24, தென்கிழக்குக்கு 28, வடக்குக்கு 13, மேற்குக்கு 10. மண்டலத்துக்கு மண்டலம் ஒரு தொகுதிக்கான வாக்காளர் எண்ணிக்கை வேறு. பிரிஸ்பேனில் ஒரு உறுப்பினரை அனுப்பத் தேவைப்பட்ட வாக்காளர்களில் பாதிகூட மேற்கில் தேவைப்படவில்லை. பரந்த நிலம், சிதறிய மக்கள், ஆகவே சலுகை என்று காரணம் சொன்னார்கள். சொல்லாத காரணம், மேற்கில் கம்பளித் தொழிலாளர்களும் ரயில்வே தொழிலாளர்களும் தொழிற்கட்சிக்கு வாக்களித்துவந்தார்கள் என்பது.

இந்தச் சட்டத்தை அன்றைய எதிர்க்கட்சியான கன்ட்ரி கட்சி கடுமையாக எதிர்த்தது. மக்கள் எப்படி வாக்களித்தாலும் ஆட்சி மாறாதபடி செய்கிறார்கள் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. அந்த எதிர்க்கட்சி வரிசையில், கொஞ்சம் விந்தி நடக்கும் 38 வயது விவசாயி ஒருவர் இருந்தார். 1947இல் நனாங்கோ தொகுதியிலிருந்து வந்தவர். புதிய சட்டத்தில் நனாங்கோ மறைந்து, அந்தப் பகுதிக்குப் பராம்பா என்ற தொகுதி வந்தது. 1950இல் அதில் நின்று ஜெயித்தார். அவர்தான் ஜோ பியெல்க்கே-பீட்டர்சன்.

அவரைப் பற்றிப் பேசுமுன் தொகுதியின் பெயரைப் பற்றி ஒரு செய்தி. பராம்பா என்பது அங்கே ஓடும் ஓர் ஓடையின் பெயர். மர்கன் ஊருக்கு அருகில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட ஒரு பழங்குடிக் குடியிருப்புக்கும் அதுவே பெயர். 1897ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பழங்குடி மக்களை அவர்கள் விருப்பத்தைக் கேட்காமலே இடம்பெயர்க்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. மாநிலம் முழுவதிலிருந்தும் வெவ்வேறு மொழி பேசும் இனக்குழுக்களைக் கொண்டுவந்து பராம்பாவில் இறக்கினார்கள். வெளியே போக அனுமதிச்சீட்டு வேண்டும். சம்பளம் அதிகாரிகளின் கையில். சோறு ரேஷனில். 1930களின் தொடக்கத்தில் குடியிருப்பின் பெயர் செர்பர்க் என்று மாறியது. ரேஷன் வழங்கிய கொட்டகை இன்று அந்த மக்களே நடத்தும் அருங்காட்சியகமாக இருக்கிறது. கிங்கராய் போகிறவர்கள் கடலையோடு திரும்பிவிடாமல் அங்கேயும் போய் வாருங்கள்.

கிரிக்கெட் பார்ப்பவர்கள் எட்டி கில்பர்ட் என்ற பெயரைக் கேட்டிருக்கலாம். இந்தக் குடியிருப்பில் வளர்ந்த வேகப்பந்து வீச்சாளர். 1931 நவம்பரில் பிரிஸ்பேன் மைதானத்தில் டான் பிராட்மனை ரன் எடுக்கவிடாமல் வெளியேற்றினார். அந்த மனிதர் ஆட்டத்துக்குப் போகவே அனுமதி வாங்க வேண்டியிருந்தது. வாக்குரிமையோ, குயின்ஸ்லாந்தில் பழங்குடி மக்களுக்கு 1965இல் சட்டம் மாறும் வரை இல்லை. ஆஸ்திரேலிய மாநிலங்களிலேயே கடைசியாக மாறியது இதுதான். கணக்குப் பாருங்கள். பராம்பா தொகுதிக்கு 1950, 1953, 1956, 1957, 1960, 1963 என ஆறு பொதுத்தேர்தல்கள் நடந்து முடிந்திருந்தன. அந்தப் பெயரை முதலில் சுமந்த மக்கள் ஒன்றில்கூட வாக்களிக்கவில்லை. மண்டலக் கோடுகளைப் பற்றி இரு கட்சிகளும் 1949இல் அவையில் அடித்துக்கொண்டபோது, இந்தக் கோட்டைப் பற்றி இருவருக்கும் சண்டை இல்லை.

இப்போது ஜோ. குயின்ஸ்லாந்தில் அவரை எல்லாரும் அப்படித்தான் அழைப்பார்கள், திட்டுகிறவர்களும். 1911இல் நியூசிலாந்தில் டேனிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர். அப்பா லுத்தரன் போதகர். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் கிங்கராய் வந்தது. சிறுவயதில் போலியோ, அதனால்தான் அந்த நடை. பள்ளியைப் பாதியில் விட்டுக் கடலை விவசாயத்தில் இறங்கினார். பழைய மாட்டுக் கொட்டகை ஒன்றில் 15 ஆண்டுகள் தனியாக வாழ்ந்தார். இரண்டு புல்டோசர்களுக்கு இடையே கனத்த சங்கிலியைக் கட்டி இழுத்துக் காட்டை அழிக்கும் முறையால் பணம் சேர்த்தார். அதைச் சாதனையாக எண்ணிய தலைமுறை அது.

1957இல் தொழிற்கட்சி உடைந்தது. தன் முதல்வர் வின்ஸ் கேரையே கட்சி வெளியேற்றியது. கன்ட்ரி கட்சியும் லிபரல் கட்சியும் கூட்டாக ஆட்சிக்கு வந்தன. தாங்கள் எதிர்த்த மண்டல முறையை அவர்கள் ஒழித்திருக்க வேண்டும் அல்லவா? ஒழிக்கவில்லை. 1958இல் திருத்தி, தங்கள் வசதிக்கு வைத்துக்கொண்டார்கள். 1968 ஜூலை 31 அன்று முதல்வர் ஜாக் பிஸ்ஸி திடீரென்று இறந்தார். ஆகஸ்ட் 8 அன்று பராம்பா உறுப்பினர் முதல்வரானார்.

1972 தேர்தலின் கணக்கை மட்டும் சொல்கிறேன். தொழிற்கட்சி 46.7 சதவீத வாக்கு வாங்கி 33 இடங்களைப் பெற்றது. லிபரல் கட்சிக்கு 22 சதவீதம், 21 இடங்கள். ஜோவின் கன்ட்ரி கட்சி 20 சதவீத வாக்கு வாங்கி 26 இடங்களைப் பெற்றது. ஐந்தில் ஒருவர் மட்டுமே வாக்களித்த கட்சியின் தலைவர் முதல்வர். கூட்டணிக்குள்ளும் அவர் கட்சியே பெரிய கட்சி. 1974இல், நேஷனல் கட்சி என்று பெயர் மாற்றிக்கொண்டு அவர்கள் தேர்தலைச் சந்தித்தபோது, தொழிற்கட்சி 36 சதவீத வாக்கு வாங்கியும் 82 இடங்களில் 11 மட்டுமே பெற்றது. கிரிக்கெட் அணி என்று கேலி செய்தார்கள். 1986இல் தொழிற்கட்சிக்கு 41 சதவீத வாக்கு, 30 இடம். நேஷனலுக்கு 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, ஆனால் 49 இடம்.

எப்படி? கோடு போடுவதில் இரண்டு வித்தை இருக்கிறது. ஒன்று, தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கையைச் சமமில்லாமல் வைப்பது. இன்னொன்று, எதிராளியின் வாக்காளர்களை ஒரே இடத்தில் குவிப்பது. நாட்டுப்புற மண்டலத்தின் நடுவே, கடலில் தீவு போல, சில நகரங்களை மட்டும் தனி மண்டலமாக வெட்டி எடுத்தார்கள். தொழிற்கட்சிக்கு வாக்களிக்கும் தொழிலாளர்கள் அந்தத் தீவுக்குள் அடைபட்டார்கள். சுற்றியிருந்த கிராமத் தொகுதிகள் நேஷனலுக்குப் பத்திரமாயின. அமெரிக்காவின் கெரிமாண்டர் என்ற சொல்லில் ஜோவின் பெயரைச் செருகி, பியெல்க்கேமாண்டர் என்று ஒரு சொல்லே இங்கே உருவானது.

இங்கே நான் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். இந்த மாநிலத்தின் இடதுசாரி நண்பர்களிடம் பேசினால், எல்லாம் கோடுகளின் மோசடி என்று முடித்துவிடுவார்கள். மாநில அளவில் அது சரி. ஆனால் பராம்பாவுக்குள் அது செல்லாது. கோடுகளை எப்படி நேர்மையாகப் போட்டிருந்தாலும் கிங்கராய் மக்கள் அவரை அனுப்பியிருப்பார்கள். 14 பொதுத்தேர்தல்கள், ஒருமுறைகூடத் தோற்கவில்லை. கோடுகள் அவரை முதல்வராக்கின. உறுப்பினராக்கியவர்கள் அந்தக் கடலைக் காட்டு மக்கள். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பின்னால் நடந்தது பலருக்குப் புரியாமல் போனது.

அவர் ஆட்சியில் நடந்தவற்றை விரிவாகச் சொல்ல நேரமில்லை. 1971இல் தென்னாப்பிரிக்க ரக்பி அணி வந்தபோது, இனவெறிக்கு எதிராகப் போராடியவர்களை ஒடுக்க ஒரு மாதம் அவசரநிலை அறிவித்தார். 1977இல் தெரு ஊர்வலங்களுக்குத் தடை போட்டார். பத்திரிகையாளர்களைச் சந்திப்பதைக் கோழிகளுக்குத் தீனி போடுவது என்பார். கேள்வி கேட்டால், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்பதுதான் விடை. மனைவி ஃப்ளோ பின்னாளில் நாடாளுமன்ற மேலவை உறுப்பினராக இருந்தவர். அவர் செய்யும் பூசணி ஸ்கோன், இந்த ஆட்சியைவிடப் புகழ்பெற்றது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஒரு வழக்கை மட்டும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது நம்மைத் தொடுகிறது. விக் இனத்தைச் சேர்ந்த ஜான் கூவார்ட்டா, வடக்கே கேப் யார்க்கில் தன் மக்களின் பாரம்பரிய நிலத்தில் ஒரு மேய்ச்சல் குத்தகையை வாங்க 1976இல் முயன்றார். பணம் கொடுக்க ஒன்றிய அரசின் நிதியமைப்பு தயார். விற்பவரும் தயார். பழங்குடிகளிடம் பெரிய நிலப்பரப்புகள் போவதில்லை என்பது தங்கள் கொள்கை என்று சொல்லி மாநில அரசு தடுத்தது. 1975ஆம் ஆண்டின் இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்தைக் காட்டி கூவார்ட்டா வழக்குத் தொடர்ந்தார். அந்தச் சட்டமே செல்லாது என்றது ஜோவின் அரசு. 1982இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்றது. கூவார்ட்டா எதிர் பியெல்க்கே-பீட்டர்சன் என்பது வழக்கின் பெயர். வேலை தேடும்போதோ வாடகைக்கு வீடு கேட்கும்போதோ நம் நிறத்தைக் காரணமாகக் காட்டி யாராவது மறுத்தால் நாம் நீட்டிப்பிடிக்கும் சட்டம் அதுதான். ஒரு நீதிபதி மாற்றிச் சிந்தித்திருந்தால் அது அன்றே விழுந்திருக்கும். அந்த நிலத்தை அரசு இதற்கிடையில் தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டதால், கூவார்ட்டாவுக்கு அது கிடைக்கவில்லை. நமக்குச் சட்டம் கிடைத்தது.

1987இல் சரிவு. பிரதமராகப் போகிறேன் என்று ஜோ ஒரு பக்கம் கிளம்பினார். மே மாதம் ஏபிசி தொலைக்காட்சியின் நிகழ்ச்சி ஒன்று பிரிஸ்பேன் காவல்துறையின் ஊழலைக் காட்டியது. ஜோ ஊரில் இல்லாதபோது துணை முதல்வர் பில் கன் விசாரணைக்கு உத்தரவிட்டார். டோனி ஃபிட்ஸ்ஜெரால்டு நடத்திய அந்த விசாரணையின் முடிவில் காவல் ஆணையரும் சில முன்னாள் அமைச்சர்களும் சிறைக்குப் போனார்கள். நவம்பரில் சொந்தக் கட்சியே ஜோவுக்குப் பதிலாக மைக் அஹெர்னைத் தலைவராக்கியது. சில நாட்கள் அலுவலகத்தை விட்டு வெளியே வராமல் இருந்துவிட்டு, டிசம்பர் 1 அன்று பதவி விலகினார். 40 ஆண்டுகளுக்குப் பிறகு கிங்கராய்க்கு உறுப்பினர் இல்லை.

1988 ஏப்ரல் 16, பராம்பா இடைத்தேர்தல். என்னைப் பொறுத்தவரை இந்தத் தொகுதி வரலாற்றின் சுவையான பகுதி இதுதான். நேஷனல் கட்சி நிறுத்தியவர் வாரன் ட்ரஸ். உள்ளூர் விவசாயி, கிங்கராய் வட்டார மன்றத்தின் தலைவர், நிதானமானவர். பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவின் துணைப் பிரதமராக இருந்தவர். இவரைவிடப் பொருத்தமான வேட்பாளர் அந்தத் தொகுதிக்குக் கிடைத்திருக்க முடியாது. எதிரே ட்ரெவர் பெரெட் என்பவர், குடிமக்கள் தேர்தல் மன்றம் என்று மொழிபெயர்க்கத்தக்க ஒரு புதிய அமைப்பின் சார்பில் நின்றார். கிங்கராய் வட்டாரத்தில் அப்போதுதான் முளைத்த அமைப்பு. அரசைக் கேட்காமல் மக்களே கையெழுத்துத் திரட்டி வாக்கெடுப்பு நடத்தும் உரிமை வேண்டும் என்பது அதன் கோரிக்கை. பின்னாட்களில் அமெரிக்கரான லிண்டன் லரூஷின் விசித்திரமான சதிக் கோட்பாடுகளை ஏற்று வேறு திசையில் போன அமைப்பும் அதுவே.

ட்ரஸ் தோற்றார். நேஷனல் கட்சியின் அசைக்க முடியாத கோட்டை என்று நினைத்த இடத்தில், பெயர் தெரியாத ஒரு அமைப்பு வென்றது. ஜோவைக் கட்சி நடத்திய விதத்துக்குப் பழிவாங்கினார்கள் என்று அன்று சொன்னார்கள். இருக்கலாம். எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. அந்த மக்கள் 40 ஆண்டுகளும் வாக்களித்தது நேஷனல் கட்சிக்கல்ல. பிரிஸ்பேனிலும் கான்பெராவிலும் இருப்பவர்களுக்குத் தாங்கள் ஒரு பொருட்டே இல்லை என்ற எண்ணத்துக்கு, அவர்கள் மொழியில் குரல் கொடுத்த ஒருவருக்கு வாக்களித்தார்கள். அவரைப் பிரிஸ்பேன்காரர்கள் தூக்கி எறிந்ததும் அந்த எண்ணம் உறுதிப்பட்டது.

பெரெட் அந்த ஆண்டு முடிவதற்குள் நேஷனல் கட்சியில் சேர்ந்துவிட்டார். நம் ஊர் அரசியல் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. 1989, 1992, 1995 தேர்தல்களில் நேஷனல் வேட்பாளராக ஜெயித்தார், அமைச்சராகவும் இருந்தார்.

இதற்கிடையில் 1989 டிசம்பரில் வெய்ன் காஸ் தலைமையில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. ஃபிட்ஸ்ஜெரால்டு பரிந்துரைத்தபடி ஒரு சுயேச்சையான ஆணையம் அமைத்து, மண்டல முறையை ஒழித்தார்கள். மிகப் பரந்த சில மேற்குத் தொகுதிகளைத் தவிர மற்ற எல்லாத் தொகுதிகளிலும் வாக்காளர் எண்ணிக்கை ஏறக்குறைய சமமாக வேண்டும் என்றானது. 1992 தேர்தல் அந்தக் கோடுகளின்படி நடந்தது. தொழிற்கட்சி 1949இல் தொடங்கிவைத்ததைத் தொழிற்கட்சியே முடித்துவைத்தது. நியாயமான மாற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் கிங்கராயிலிருந்து பார்த்தால், நகரத்துக்கு இடங்கள் கூடின, நாட்டுப்புறத்துக்குக் குறைந்தன. கூடவே வங்கிக் கிளைகளும் அரசு அலுவலகங்களும் சிற்றூர்களில் மூடப்பட்டுவந்த காலம் அது. 1996 ஏப்ரலில் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பின், துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஜான் ஹோவர்டின் கூட்டணி அரசே கொண்டுவந்தது. அதில் நேஷனல் கட்சியும் பங்காளி. சரியான சட்டம் என்று நான் முழுமையாக நம்புகிறேன். ஆனால் வீட்டுக்கு வீடு துப்பாக்கி வைத்திருந்த விவசாயிகளுக்கு, தங்கள் கட்சியே தங்களைக் குற்றவாளியாக்கிவிட்டது போல் இருந்தது.

1998க்கு வந்துவிட்டோம். நேஷனலின் பெரெட்டை ஒன் நேஷனின் டொரதி ப்ராட் தோற்கடித்தார். இந்த இடத்தில் விருப்பவரிசை வாக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலிய நண்பர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், மற்ற நாட்டுக்காரர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே வாக்குச்சீட்டில் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று எண் போடுவோம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பம் யார் என்று பார்ப்பார்கள். ஆகவே எந்தக் கட்சி யாரைக் கடைசியில் போடச் சொல்கிறது என்பது வாழ்வா சாவா. 1998இல் தொழிற்கட்சி, ஒன் நேஷனைக் கடைசியில் போடச் சொன்னது. லிபரலும் நேஷனலும் தொழிற்கட்சிக்கு மேலே ஒன் நேஷனைப் போடச் சொன்னார்கள். எதிரியைத் தடுக்கச் செய்த கணக்கு. விளைவு, பிரிஸ்பேனின் லிபரல் வாக்காளர்கள் பலர் அருவருத்துத் தொழிற்கட்சிப் பக்கம் போனார்கள். நாட்டுப்புறத்தில் நேஷனல் வாக்குகள் ஒன் நேஷனுக்குப் போயின. கடைசியில் தொழிற்கட்சியின் பீட்டர் பீட்டி, 89இல் 44 இடங்களுடன், ஒரு சுயேச்சையின் ஆதரவில் முதல்வரானார்.

இந்த எண் போடும் விதிகளையும் கோடுகளைப் போலத்தான் கையாண்டிருக்கிறார்கள். 1942இல் தொழிற்கட்சி நீக்கியது. 1962இல் கூட்டணி திரும்பக் கொண்டுவந்தது, எல்லா வேட்பாளருக்கும் எண் போட வேண்டும் என்று. 1992இல் அது விருப்பமானால் போதும் என்றானது. ஒரு எண் போட்டால் போதும் என்று 2001இல் பிரசாரம் செய்து பலன் கண்டது தொழிற்கட்சி. அதே கட்சி 2016இல் மறுபடி எல்லாவற்றுக்கும் எண் கட்டாயம் என்று சட்டத்தை மாற்றியது. மேலவை இல்லாத மாநிலம் என்று முன்பே சொன்னேன். தடுக்க யாரும் இல்லை.

கிங்கராயில் கடலை விற்ற ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எழுபதைத் தாண்டியவர். அரசியல் பேசத் தயங்கவில்லை. ஜோவுக்குப் போட்டாராம், பெரெட்டுக்குப் போட்டாராம், பிறகு ப்ராட்டுக்கும் போட்டாராம். கட்சி மாறி மாறிப் போட்டதாக அவருக்குத் தோன்றவே இல்லை. என்னைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். உங்கள் ஊரில் கடலை எப்போது விதைப்பார்கள் என்று அடுத்த கேள்வி. மானாவாரியா, பாசனமா, எண்ணெய்க்கா, தின்னவா என்று கால் மணி நேரம். ஹான்சனைப் பற்றிக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். காரில் திரும்பி வரும்போது மனைவி, அவர் நல்ல மனிதர் என்றாள். நல்ல மனிதர்தான், அதனால்தான் எனக்குக் கலக்கமாக இருக்கிறது என்றேன்.

இன்னும் வடக்கே பிலோயீலா என்ற சிற்றூரை உங்களுக்கெல்லாம் தெரியும். 2018 மார்ச்சில் ஒரு விடியலில் இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றை அங்கிருந்து அதிகாரிகள் அழைத்துச் சென்றபோது, அந்த ஊர்க்காரர்கள் நான்கு ஆண்டுகள் விடாமல் போராடி, 2022 ஜூனில் வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். அதுவும் நேஷனலும் ஒன் நேஷனும் வலுவாக உள்ள நாட்டுப்புறம்தான். ஆசியர்கள் என்ற கூட்டத்துக்கு எதிராக வாக்களிக்க முடிந்தவர்களுக்கு, பக்கத்து வீட்டுக்காரரை விட்டுக்கொடுக்க முடியவில்லை. இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, உங்களில் யாராவது கேள்வி நேரத்தில் சொல்லுங்கள்.

மீதிக் கதை சுருக்கமானது. டொரதி ப்ராட் 1999இலேயே ஒன் நேஷனிலிருந்து விலகிச் சுயேச்சையானார். 2001க்கு முன் நடந்த தொகுதிச் சீரமைப்பில் பராம்பா என்ற பெயர் எடுக்கப்பட்டது. அந்தப் பகுதிக்கு 50 ஆண்டுகளுக்கு முந்தைய நனாங்கோ என்ற பெயரே திரும்ப வந்தது. ப்ராட் அதில் சுயேச்சையாக நின்று வென்று, 2012 வரை உறுப்பினராக இருந்தார். ஜோ 2005 ஏப்ரல் 23 அன்று கிங்கராயில் காலமானார். நகர மண்டபத்தில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. பிரதமர் ஹோவர்டும், தொழிற்கட்சி முதல்வர் பீட்டியும் வந்து பேசினார்கள். அதே நாளில் பிரிஸ்பேனில், அவர் ஆட்சியில் தெருவில் இறங்கி அடிபட்ட தலைமுறையினர் சிலர் கூடித் தங்கள் எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள். அப்போது நான் குடிமகனாகி வாக்களிக்கத் தொடங்கியிருந்தேன். என் வாக்கு ஒரு பிரிஸ்பேன் தொகுதியில். 1949 முதல் 1991 வரை இருந்திருந்தால், கிங்கராய்க்காரரின் வாக்கைவிட அதற்கு மதிப்புக் குறைவு.

பராம்பா ஓடை இன்னும் செர்பர்க் வழியாக ஓடுகிறது. நாங்கள் போன மாதத்தில் தண்ணீர் அதிகமில்லை. பாலத்துக்குக் கீழே இரண்டு பையன்கள் ஒரு மட்டையும் டென்னிஸ் பந்தும் வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.